பள்ளம் இருந்தது

நான் பள்ளிக்கூட ஃபெர்ரி ஓட்டுகிறவள். யாங்கோனில் ஃபெர்ரி என்றால் கப்பல் இல்லை. பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளி வாசலில் இறக்கிவிடும் மாத வாடகை வண்டி. பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். ஏறிய பிள்ளை எதற்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை, போன ஜூலையில் அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

இரவெல்லாம் மழை. காலையில் தெரு முழுக்கத் தண்ணீர். எங்கள் ஊரில் ரோட்டில் பள்ளம் விழுந்தால் யாராவது ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் நட்டு வைப்பார்கள். அரசாங்கப் பலகை, விளக்கு எல்லாம் அந்தக் கிளைதான். அன்றைக்குக் கிளையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. முன் சக்கரம் தடாலென்று இறங்கியது. அடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, பின்னால் பிள்ளைகள் அலறின. எட்டு வயது ஹுஸ்னாவின் வாய் முன்சீட்டுக் கம்பியில் மோதி மேலுதடு கிழிந்துவிட்டது. என் துப்பட்டாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளைத் தூக்கி ஓடினேன். இரண்டு தையல் போட்டார்கள்.

அன்று மாலையே பெற்றோர்களின் வைபர் குரூப்பில் பேச்சு ஆரம்பித்தது. ஷைலா அக்கா, அதாவது நான், போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாராம். யார் கிளப்பினார்கள் என்று தெரியவில்லை. ஓட்டும்போது என் போன் கைப்பைக்குள் இருக்கும், கைப்பை சீட்டுக்கு அடியில் இருக்கும். அதைச் சொன்னேன். ஹுஸ்னாவின் அம்மா நாஜியா மட்டும், திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையை அதன் மாமா வண்டியில் அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுதினாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். ஏழு பிள்ளைகளில் இரண்டு மிச்சம். வண்டி முறிந்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கவனமில்லாதவள் என்ற பேரை என்னால் விழுங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வண்டிச் செலவையும் நஷ்டத்தையும் அவர்கள்தான் கொடுக்கவேண்டும், பள்ளத்தால்தான் விபத்து என்று எழுத்தில் தரவேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் கணவர் ஏசுரத்தினத்துக்கு இது பிடிக்கவே இல்லை. நகர நடுவே கியாக்டடாவில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாகக் கிளார்க். ஆபீஸ்காரர்கள் கண்ணில் படாமல் இருப்பதே இந்தக் காலத்தில் நல்லது என்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் சத்தமாகத் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற ஜாதி.

ரோட்டுப் பிரிவு அதிகாரி என் மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். இந்த மாதிரிக் கோரிக்கைக்கு ஃபாரமே கிடையாது என்றார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். நான் பெஞ்சைவிட்டு எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு, சரி, செவ்வாய்க்கிழமை ஆள் வந்து பள்ளத்தை அளப்பார், அதற்குள் மெக்கானிக் பில்லைக் கொண்டு வாருங்கள் என்று பர்மியத்தில் முடித்துவிட்டார். பள்ளம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நானும் ஒரு படம் எடுத்து வைக்காமல் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பில் வாங்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினுக்குப் பஸ் ஏறினேன். வண்டி அங்கே மெக்கானிக் குமாரிடம் கிடந்தது. எது எப்படி முறிந்தது என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு திரும்ப நாலு மணி ஆகிவிட்டது. தெரு முனையில் இறங்கிப் பார்த்தால் பள்ளம் இல்லை. அந்த இடத்தில் செங்கல் ஜல்லியும் மணலும் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. நாலைந்து ஆண்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில், லோன்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை சிமெண்டோடு, சிரித்த முகமாக என் கணவர்.

இங்கே ஆபத்திலிருந்து தப்பித்தால் உடனே ஒரு குதோ செய்வார்கள். குதோ என்றால் புண்ணியம். பர்மாக்காரர்களோடு பிறந்து வளர்ந்ததில் கோயிலுக்குப் போகிற தமிழர்களும் குதோ என்பார்கள், மாதாகோயிலுக்குப் போகிற நாங்களும் குதோ என்போம். ஏழு பிள்ளைகள் உயிரோடு திரும்பினவே, அதற்கு நன்றியாக இன்னொரு பிள்ளை அதில் விழாமல் இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்து என் ஒரே சாட்சியைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்.

தெருவிலேயே கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். மற்றவர்கள் கோப்பையோடு நழுவிவிட்டார்கள். கடைசியில் அவர் சொன்னது ஒன்றுதான்.

"அந்தப் புள்ள வாயிலேருந்து ரத்தம் வந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது ஷைலா. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை. கோபம் போகவில்லை, ஆனால் அவர் மேல் இல்லை.

குதோ செய்கிறவர்கள் படம் எடுக்காமல் விடமாட்டார்கள் என்பது இரவுச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது. கேட்டேன். இருந்தது. வேலை தொடங்குமுன் ஒன்று, முடிந்தபின் ஒன்று. முதல் படத்தில் என் கணவர் முழங்கால் மறைகிற அளவுக்குப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு கையில் வாளியோடு சிரிக்கிறார். அவ்வளவு ஆழத்தை நான்கூடக் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அளக்க யாரும் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். படத்தைக் கடையில் பெரிதாக அச்சடித்து, பில்லையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்துக்கொண்டு நானே கிளம்பினேன். என் கணவர் லீவு போட்டுக் கூட வந்தார். வரவேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை.

அந்த இடத்தில் பள்ளம் இருந்ததாகப் பதிவே இல்லை என்று ஆரம்பித்தார் அதிகாரி. படத்தை மேஜைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது, முகத்திலேயே தெரிந்தது. ரோடு அரசாங்கத்துடையது, அனுமதி இல்லாமல் அதில் கை வைப்பது குற்றம் என்றார். படத்தில் நிற்பது யார், இவரா, இதற்கு அபராதம் போடலாம் தெரியுமா என்று கேட்டார். பேசாமல் வீட்டுக்குப் போனால் இந்த முறை விட்டுவிடுவாராம்.

முப்பது வருஷமாக என் கணவர் எதற்குப் பயந்தாரோ அது எதிரே உட்கார்ந்திருந்தது. எனக்கோ கோபம்தான். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"போடுங்க சயா," என்று பர்மிய மரியாதையோடே சொன்னேன். "எந்தத் தெரு, எந்த வீட்டுக்கு எதிரே, எவ்வளவு பெரிய பள்ளத்தை மூடினதுக்கு அபராதம்னு விவரமா எழுதிப் போடுங்க. தேதியும் சீலும் வேணும்."

அவர் சிரித்தார். நான் வீம்புக்குப் பேசுகிறேன், பேப்பரைக் கண்டால் அடங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார். அபராதப் புத்தகத்தை எடுத்து மேஜையில் அறைந்தார். யார் பேரில் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முன்னால் நகர்ந்து, "என் பேருல," என்றார். தன் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஏசுரத்தினம், நல்லப்பன் மகன். முழுசாகச் சொன்னார்.

அபராதம் இரண்டு பேர் மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடும் காசுதான். சீட்டை வாங்கிப் படித்தேன். அளவைப் படத்தைப் பார்த்தே போட்டிருந்தார். நாலடி நீளம், இரண்டடி ஆழமுள்ள பள்ளத்தை அனுமதியின்றி நிரப்பியமைக்காக என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அடியில் உருண்டையாகச் சீல். நேரே வாசல் கடைக்குப் போய்ப் பிரதி எடுத்து, என் மனுவோடு குத்தி, மறுபடி உள்ளே போய் அதே மேஜைமேல் வைத்தேன். பள்ளம் இருந்ததாகப் பதிவு இல்லை என்றீர்களே, இதோ நீங்களே பதிந்திருக்கிறீர்கள் என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அபராதப் புத்தகத்தில் இருந்த அடிக்கட்டையைப் பார்த்தார். கிழிக்க முடியாது, எல்லாத் தாளுக்கும் எண் உண்டு. மனுவை வாங்கிப் பதிவு எண் கொடுக்கும்படி கிளார்க்கிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வைபரில் அந்தச் சீட்டைப் போட்டேன். நான்கு அம்மாக்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். நாஜியா எழுதவில்லை. அதனால் சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனேன். ஹுஸ்னா உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள், உதட்டில் தையல் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. நாஜியா சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போனப் பாத்தீங்கன்னு மொதல்ல சொன்னது நான்தான் அக்கா. நான் கண்ணால பாக்கல. யார் மேலயாச்சும் கோவப்படணும் போல இருந்துச்சு. பள்ளத்து மேல எப்படிக் கோவப்படுறது?"

எனக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. ஐந்து நாள் நான் தூங்காமல் தேடிய ஆள் தண்ணீர் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு நிற்கிறாள். எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த அதிகாரி முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தேனே, அதே போல அழுத்தமாக உட்கார்ந்தேன்.

"படலாம்," என்றேன். "நான் பட்டேன். சீல் போட்டுக் குடுத்தாங்க."

அவள் அழுதாள். கொஞ்ச நேரம் நானும் அழுதேன், பொய் சொல்வானேன். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தையலுக்கும் அவங்கதானே பொறுப்பு என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தனக்கும் ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். ஹுஸ்னாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பிள்ளையின் பேரை முதல் வரியில் எழுதத் தொடங்கினேன்.