பச்சைக் கேட்டு இன்ஜினியர்

பெயிண்ட் காயாத நீலக் கேட்டை நான்காவது முறையாகப் படம் எடுத்தாள் பிரீத்தி. கேட்டு, பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, பிளான் வைக்கும் உறை, சைட்டில் போடும் தொப்பி வரைக்கும் ஒரே நீலம், ஒரே எழுத்து. சேலத்து அச்சகத்தில் ஐந்து வருடம் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துச் சலித்துப்போய், திருச்செங்கோட்டில் தனியாகத் தொழில் தொடங்கியவளுக்கு இதுதான் முதல் முழு வேலை. இது எடுபட்டால் மற்ற அலுவலகங்களும் தேடி வரும். சொதப்பினால் மறுபடியும் மயில்தோகை பார்டர்தான். அதை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும்.

அந்த வேலையைக் கொடுத்த இன்ஜினியர் பாலசுந்தரத்துக்குப் பரம திருப்தி. இருபத்திரண்டு வருடமாக வீட்டுக்குப் பிளான் போட்டுக்கொடுப்பவர், புதுத் தொப்பியை மின்விசிறிக்கு அடியிலும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு வரவேண்டிய ஆட்டையாம்பட்டி காளியப்பன் பத்தே முக்காலுக்கு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

“ஏனுங்க, கேட்டக் காணோமுங்களே! மூணு தடவ தெருவச் சுத்திட்டனுங்க. போனும் எடுக்க மாட்டேங்கறீங்க. காலி பண்ணிட்டீங்களோன்னு பயந்தே போனனுங்க. என்ற ஊட்டு பிளானு உங்ககிட்டதான இருக்குது!”

“போர்டுல பேரு பெருசா போட்டிருக்குதுங்களே?” என்றாள் பிரீத்தி.

“போட்டிருக்குது சாமி. அது யாருன்னு எனக்கெப்படித் தெரியும்?” என்று கைபேசியை நீட்டினார். பாலசுந்தரத்தின் எண்ணுக்கு மேலே ‘பச்சகேட்டு இஞ்சினீரு’ என்றிருந்தது.

“பாலசுந்தரங்கறது நான்தானுங்க.”

“அப்படீங்களா? நல்ல பேருங்க.”

பிரீத்திக்கு முகம் சிவந்தது. இரண்டு மாதமாகப் பாலசுந்தரத்தின் கனவென்ன, பிடித்த நிறமென்ன என்று துருவித் துருவிக் கேட்டவள், இவரிடம் வீடு கட்டியவர் ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்ததாகிவிடும். அவருக்கு நீலம் பிடித்துத்தான் இருக்கிறது.

“தப்பு எம்மேலதானுங்க சார். எழுத்தெல்லாம் இப்படியே இருக்கட்டும். நெறத்த மட்டும் மாத்தோணும். உங்களுக்குப் பேரே அதுதானுங்க.”

பாலசுந்தரம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அந்தப் பச்ச நானா புடிச்சு அடிச்சதில்லம்மா. முந்தி குடியிருந்தவரு டப்பால மிச்சம் உட்டுட்டுப் போனாரு. சும்மா கெடக்குதேன்னு அடிச்சது. பொறவு அதே நெறமா வாங்கிட்டிருந்தேன்.” சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சரியென்று சொல்லவில்லை.

பிரீத்தி வாசலுக்குப் போனாள். பழைய துணியால் கேட்டின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தாள். ஈர நீலம் வழிந்து விலக, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை தெரிந்தது. வெயிலில் வெளுத்த, பாசிப்பயறு மாதிரியான பச்சை. எந்த ஷேட் கார்டிலும் அவள் பார்க்காத நிறம். அவமானமெல்லாம் போய் அவளுக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது.

தெருவில் மெதுவாகப் பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண், இவர்களுடைய பலகையையும் தாண்டிப் போனாள். பத்தடி போனவள் திரும்பிப் பார்த்தாள். காலை ஊன்றி வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்து, அந்த உள்ளங்கைப் பச்சைக்கு நேராக ஸ்டாண்டு போட்டாள்.