கழுவி வைத்த டம்ளர்கள்

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கும்போதே ஆராய்ச்சி மாணவி யூனிஸுக்குக் கால் கடுத்தது. மழைக்காலம் முழுக்க இதே அலைச்சல். டெங்குக் கொசு எந்தத் தெருவில் பெருகுகிறது என்று அறிய, வீட்டுக்கு வீடு ஒரு கறுப்பு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, உள்ளே துணிப் பட்டை ஒன்றையும் வைத்திருந்தாள். கொசு அந்தத் துணியில் முட்டையிடும். செவ்வாய்தோறும் துணியை எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் முட்டைகளை எண்ண வேண்டும்.

சுற்றியிருந்த தெருக்களில் எல்லாம் முட்டை அப்பிக் கிடக்க, பள்ளிவாசல் தெருவில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஏன், ஏன் என்று கேட்டே பேராசிரியர் அவள் உயிரை வாங்கினார். தண்ணீரைச் சோதித்தாள், மண்ணைச் சோதித்தாள். தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டாள். முதல் வீட்டு ஷாயிஸ்தா வாசலில் குந்தி, கறுப்பு டம்ளரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துவைத்த துணிப் பட்டை கொடியில் காய்ந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"நீங்க வர்ற நாளாச்சே மேடம். பாசி புடிச்சு வழவழன்னு கெடக்கு, வர்றவங்களுக்கு அதையா காட்டுறது? கழுவி, நல்ல தண்ணி ஊத்தி வெச்சிருவோம்."

"எல்லாருமா?"

ஷாயிஸ்தா தெருவைக் கைகாட்டினாள். காம்பவுண்டுச் சுவர்கள் நெடுக, கவிழ்த்த டம்ளர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

யூனிஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"இந்தத் தெருவுல டெங்குக் கொசுவே இல்லன்னு போன மாசம் சொன்னீங்கல்ல," என்றாள் ஷாயிஸ்தா, டம்ளரைக் கவிழ்த்தபடி. "அதுலேர்ந்து தண்ணித் தொட்டிய யாரும் மூடுறதே இல்ல மேடம்."