அரோகராவுக்கு அடியில்

தீபத்தன்று திருவண்ணாமலைக்குள் பஸ் நுழைய முடியாது. உள்ளே இருப்பவன் வெளியே போகவும் முடியாது. பெங்களூரில் இருந்த பிரசாத்துக்கோ அந்த ஒரு நாள்தான் லீவு. அதனால் பெண் பார்க்கும் காரியத்தை வீடியோ மீட்டிங்கில் முடித்துக்கொள்வதென்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். மலையில் தீபம் ஏற்றுகிற நேரலையை மீட்டிங்கிலேயே போட்டு, எல்லாரும் சேர்ந்து பார்த்து, ஜோதியைச் சாட்சியாக வைத்துச் சம்மதம் சொல்லிவிடலாம் என்பது பிரசாத்தின் தாய்மாமன் திருமலையின் யோசனை. "சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு, பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார். பூவும் பழமும் கார் வாடகையும் மிச்சம் என்பதை அவர் சொல்லவில்லை.

எழிலுக்கு வயது முப்பத்துமூன்று. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தன்னைப் பார்க்க வந்தவர்களை எண்ணுவதை மட்டும் எப்போதோ விட்டுவிட்டாள். இந்த முறை யாராக இருந்தாலும் சரியென்று சொல்லிவிடுவதாகக் காலையிலேயே முடிவு செய்திருந்தாள். வருத்தப்பட்டு எடுத்த முடிவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவது போல இருக்குமே, அப்படி இருந்தது.

அப்பா சக்கரபாணி மாட்டுத் தரகர். தீபத்துச் சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகியவர். துண்டுக்கு மேலே இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், கீழே மாடு கைமாறிவிடும். அப்பேர்ப்பட்டவர் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு லாப்டாப் முன்னால் அசடு வழிய உட்கார்ந்திருந்தார்.

"கும்புடறேங்க சம்பந்தி!" என்று கத்தினார்.

"மெதுவாங்க. மீட்டிங்கு இல்லாமலே பெங்களூருக்குக் கேட்டுடப் போவுது" என்றாள் அம்மா சரசு.

"சம்பந்தின்னு இப்பவே கூப்புடாத நைனா" என்றாள் எழில்.

"சொல்லி வெப்போம். அட்வான்ஸ் மாதிரி."

திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் பிரசாத், எது கேட்டாலும் தலையை ஆட்டினான். ஒரு பக்கம் மாமன் திருமலை. மறுபக்கம் பிரசாத்தின் அம்மா, முட்டிவரை கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"காலு இன்னாச்சுங்க?" என்று சரசு கேட்டாள்.

"சும்மா சுளுக்குங்க. ரெண்டு நாள்ல செரியாயிடும்" என்றார் மாமன், அந்தக் கால் தன்னுடையது போல.

ஊரெங்கும் வீட்டு விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள். மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. சரசுவும் சுவிட்சைத் தட்டினாள். எழில் நேரலையைத் திறந்து மீட்டிங்கில் போட்டாள்.

"படம் விட்டு விட்டு வருதும்மா. நெட்டு பத்தல. உங்க மூஞ்சிய ஆஃப் பண்ணிட்டு மலைய மட்டும் காட்டு" என்றார் திருமலை. "நீங்கல்லாம் மாடிக்குப் போயி நேர்லயே பாருங்க சம்பந்தி. இவ்ளோ பக்கத்துல வெச்சிக்கிட்டு இதுல பாக்கணுமா?"

பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணின் முகத்தை அணைக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. எழில் முகத்தை அணைத்தாள், மைக்கையும் அணைத்தாள். அப்பாவும் அம்மாவும் மாடிக்கு ஓடினார்கள். அவள் போகவில்லை. நேரலைக்கு நடுவே பல்பொடி விளம்பரம் வந்தால் தள்ளிவிட ஆள் வேண்டுமே. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தாள்.

முதலில் ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் அரோகரா என்று அதிர்ந்தது. திரையில் மலை இன்னும் இருட்டாகவே இருந்தது. நேரலை எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். வெளிச்சத்தம் அடங்கிய பிறகு திரையில் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வந்தார், உச்சியில் நெருப்பு எழுந்தது, லட்சம் தொண்டைகள் ஹெட்போனுக்குள் கத்தின. அந்தச் சத்தத்துக்கு அடியில் மூன்று குரல்கள் பேசிக்கொண்டிருந்தன. அவர்கள் மைக்கை மூட மறந்திருந்தார்கள். அவளும் மாடிக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருந்தார்கள்.

"அரோகரா! இன்னிக்கே முடிச்சிடலாம்டா" என்றது மாமன் குரல்.

"ஸ்கூல் வேலய உடணும்னு சொல்லவேயில்லியே மாமா" என்றான் பிரசாத்.

"வந்தப்புறம் சொல்லிக்கலாம். அண்ணாமலையாருக்கு அரோகரா!"

"ஆபரேஷனு?" என்றாள் அம்மாக்காரி. "நான் இனிமே நடக்கறதே சந்தேகம்னு டாக்டர் சொன்னது?"

"சுளுக்குன்னு சொன்னோமில்ல, அப்படியே இருக்கட்டும். வெச்ச நர்சுங்க ஒருத்தியாவது நின்னாளா? மருமவளா வந்துட்டா எங்க ஓடுவா? முப்பத்துமூணு வயசு. நாம எது சொன்னாலும் தலையாட்டுவாங்க."

"நல்லவங்களாத் தெரியுது மாமா. பாவம்."

"பாவம்னுதான்டா அங்க கேக்கறோம். வேற எங்க கேக்க முடியும்? அரோகரா!"

எழில் தனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. மாமன் சொன்னதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. தலையாட்டத்தானே உட்கார்ந்திருந்தாள். ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்ச் பேசினால் அவள் அதட்டுவதில்லை. பாடத்தை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பாள், பேசுகிறவனின் குரல் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் விரல் தானாகப் போனது. நேரலையின் ஓரத்திலிருந்த ஸ்பீக்கர் குறியை அழுத்தினாள்.

லட்சம் தொண்டைகளும் ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டன.

"...பெட்பேன் மாத்தறதுக்குன்னு சொல்லியா பொண்ணு கேக்க முடியும்?" என்றது மாமன் குரல், அத்தனை நிசப்தத்தில்.

யாரோ இருமினார்கள். "சத்தம் போச்சே. நெட்டு கட்டாயிடுச்சா?"

எழில் தன் மைக்கைத் திறந்தாள். "நெட்டு நல்லாத்தாங்க இருக்கு. சத்தத்த நான்தான் நிறுத்தினேன். நீங்க பேசுங்க."

மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். படம்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை, அவர்கள் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு பிரசாத்தின் கை திரையை நோக்கி வந்தது. அவர்கள் இருந்த கட்டம் காணாமல் போனது.

சக்கரபாணி மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தார். சரசு பின்னாலேயே வந்து அகல் விளக்குகளை ஏற்றத் தொடங்கினாள்.

"இன்னா சொன்னாங்க? சரின்னுட்டாங்களா?"

"துண்ட எடுத்துட்டேன் நைனா."

தரகருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "காலா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா. சுளுக்கு இல்ல. வேலய உட்டுட்டு நான் பாத்துக்கணுமாம். நீங்க மாடிக்குப் போனதும் பேசிக்கிட்டாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தம்மா இடத்த உட்டு எழுந்துக்கவே இல்ல. சந்தையில எவனாவது மாட்ட உக்கார வெச்சே காட்டியிருந்தா, எழுப்புடான்னு அங்கியே சொல்லியிருப்பேன். இங்க கேக்கல பாரு." புதுச்சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். "சரின்னு சொல்லிட்டியோன்னு பயந்துட்டேன் ஒரு நிமிசம்."

"சொல்லத்தான் இருந்தேன்."

சரசு ஒரு அகலுக்குத் திரியைத் தூண்டி முடித்துவிட்டு, "தீபமாவது பாத்தியாடி?" என்றாள்.

"இதுல பாத்தேன்."

"இதுலயா! மாடி ஏறினா நெசமே இருக்குதே."

"எரிஞ்சிக்கிட்டுத்தானம்மா இருக்கும். பசிக்குது."

காலையிலிருந்து விரதம். அம்மா பொரி உருண்டையை எடுத்துக் கையில் வைத்தாள். எழில் கடித்தாள். யாருமில்லாத மீட்டிங்கில் மலை சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"வெல்லம் ஜாஸ்தியா, கம்மியா?"

மென்று பார்த்தாள். "தெரியலம்மா" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை.