ஈயக்குண்டு விழுந்த சத்தம்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதிக்கவில்லை. என் மொட்டைமாடியில் வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். நீலப் போர்வையின் நடுவில் ஓர் ஓட்டை. அதற்கு நேர் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் ஓர் ஈயக்குண்டு. குண்டின் காதில் மெல்லிய நூல், வால் மாதிரி. பக்கத்து மாடியை எட்டிப் பார்த்தால் பல் டாக்டர் நிற்கிறார். கையில் புத்தம் புதிய தூண்டில்கோல். அதன் நுனியிலிருந்து அறுந்த நூலின் மறுபாதி காற்றில் ஆடுகிறது.

அவர் வானத்தைப் பார்த்தார். நான் போர்வையைப் பார்த்தேன். இருவரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

குண்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இதை எழுதும் மேசையில் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். போர்வை போனதற்கு ஒரு கதையாவது தேறவேண்டாமா?

2

தொடக்கம், முதல் முயற்சி: "கடல் அன்று அமைதியாக இருந்தது. ஆனால் அவர் உள்ளத்திலோ..."

அடித்துவிட்டேன். கடல் அமைதியாக இருந்தால் உள்ளத்தில் புயல், கடலில் புயல் என்றால் உள்ளத்தில் அமைதி. கடலுக்கு வேறு வேலையே கிடையாதா?

இரண்டாம் முயற்சி: "ஒரு நாள் பல் டாக்டர் தன் வலது கையைத் தூக்கினார். கை வரவில்லை."

இது இருக்கட்டும். ஏனென்றால் நடந்தது இதுதான். ஆண்டுக்கணக்கில் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து அவருடைய வலது தோள் இறுகிவிட்டது. கை மார்புவரை வரும். அதற்கு மேல் போகச் சொன்னால் அழும். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் மனைவி சொன்னார். மருத்துவமனை முன்னறையில் உட்கார்ந்து ஆட்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவது அவர்தான். டாக்டருக்குப் படிக்காவிட்டாலும் ஊருக்கு அவர் டாக்டரம்மா. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்று தொடங்கித்தான் சொன்னார். [இப்படித் தொடங்கும் செய்தியைக் கேட்காமல் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்களாம். நான் பார்த்ததில்லை.]

"சட்டையை நான்தான்க்கா மாட்டிவிடுறேன். சீப்பு பிடிக்க முடியல. தலை கலைஞ்சே போறாரு, அதைப் பாத்துட்டு ஆளுங்க அவரைப் பெரிய மேதைன்னு நெனைக்கிறாங்க."

"வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?"

"கை வராத டாக்டர்கிட்ட யாருக்கா வாயைக் காட்டுவாங்க? நீங்க காட்டுவீங்களா?"

நான் கன்னத்தைத் தடவிக்கொண்டேன். கடைவாயில் ஒரு பல் எனக்குப் பல நாளாகக் கூசிக்கொண்டிருந்தது.

3

இங்கே மச்சானைக் கொண்டுவந்தாக வேண்டும். கதாபாத்திரம் என்ற முறையில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. கொஞ்சம் மிகையாக இருக்கிறார். குறைத்து எழுதிப் பார்த்தேன். குறைந்தால் பொய்யாகிவிடுகிறார்.

டாக்டரம்மாவின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கற்றுக்கொள்ள வருகிறவர் பெல்ட்டில் கட்டுண்டு, ஸ்டியரிங்கை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருப்பார். காதைப் பொத்திக்கொள்ளக் கை ஏது? அந்த நேரம் பார்த்து மச்சான் ஊர்க்கதை சொல்வார். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கல்யாணம் எதனால் நின்றது, எல்லாம். அவருக்குக் காலையில் தெரிந்தது, மாலைக்குள் ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.*

(* இந்தத் துறையில் எனக்கு இருக்கும் ஒரே போட்டியாளர் அவர். எனவே அவரைப் பற்றி நான் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு வாசியுங்கள்.)

டாக்டர் மாமாவும் மச்சானும் ஞாயிறு விடிந்தால் கடற்கரையில் நிற்பார்கள். இருவரிடமும் ஆளை விட இரண்டு மடங்கு உயரமான, உலக்கைக்கு அக்கா முறையான தூண்டில்கோல்கள். அதைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பைத் திருப்பி, வீசவேண்டும். மீன் கிடைத்ததா என்று ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. குண்டு எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி. இரண்டாவது அலைக்கு அப்பால் 'டொப்' என்று விழுந்தால் ஆண்பிள்ளை. அதற்கு இப்பால் விழுந்தால் அந்த வாரம் முழுக்க மச்சானின் காரில் ஓசிச் சிரிப்பு.

ஆக, டாக்டருக்கு வந்த சிக்கல் புரிகிறதா? கை தூக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகாமலும் இருக்க முடியாது. போகாவிட்டால் மச்சான் காரணம் தேடுவார், தேடினால் கண்டுபிடிப்பார்.

4

எனவே டாக்டர் ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார். இயலாமைக்கு நல்ல சட்டை மாட்டிவிட்டால் அதுதானே கொள்கை.

"இப்பல்லாம் எல்லாம் லைட்டுதான் மச்சான். கனமான தூண்டில் ராடெல்லாம் பழைய காலம். விஷயம் தெரிஞ்சவன் எவனும் தொடமாட்டான்."

"போன மாசம்தானே மாமா, லைட் ராடு வச்சிருக்கவன்லாம் கொசு அடிக்கத்தான் லாயக்குன்னு சொன்னீங்க?"

"படிக்கணும் மச்சான். படிச்சா மாறணும்."

மூவருமாகத் தூண்டில் கடைக்குப் போனார்கள். (நான் போகவில்லை. டாக்டரம்மா நடித்துக் காட்டியதை வைத்து எழுதுகிறேன். கடைக்காரர் பேசும் இடத்தில் அவர் மூக்கைத் தடவிக்கொண்டதையும் சேர்த்துப் படியுங்கள்.)

டாக்டர் ஒவ்வொரு கோலையும் பல் பிடுங்கும் கருவியைச் சோதிப்பதுபோலச் சோதித்தார். நூல் சுற்றும் ரீலைப் பொருத்தும் இடத்தை ஒற்றை விரலில் நிறுத்தி, நுனி தாழ்கிறதா, அடி தாழ்கிறதா என்று பார்த்தார். ரீலருகே காதை வைத்து, அதன் கைப்பிடியைச் சுழற்றிச் சத்தம் கேட்டார். எல்லாம் இடது கையால்.

"சார், இந்தக் கார்பன் ராடைப் பாருங்க. இவ்ளோதான் நீளம், அலை ஓரத்துக்குத் தாராளமாப் போதும். சின்ன ரீல், மெல்லிசு பின்னல் நூல். பிடிச்சா, கையில இருக்கிறதே தெரியாது."

"கையில இருக்கிறதே தெரியாத சாமானுக்குப் பில்லை மட்டும் தெரியிற மாதிரி போடுவீங்களே" என்றார் மச்சான்.

டாக்டர் முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் பக்கவாட்டில் சொடுக்கிப் பார்த்தார். கோல் விசுக்கென்றது. தோள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தனக்குக் கண் கலங்கிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். [இந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று தெரியவில்லை. கேலிக் கதையில் கண்ணீர் வந்தால் விருந்துக்கு வந்த கடன்காரன் மாதிரி. சரி, ஓரமாக உட்காரட்டும்.]

"குண்டு சின்னதாப் போடுங்க சார். இந்த ராடுக்குக் கனமானது ஆகாது. நூல் அறுந்துடும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

5

தெரியும் என்றால் என் போர்வையில் ஏன் ஓட்டை?

இந்த இடத்தில் நானே என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகப்பட்டேன். இவ்வளவு படித்தவர், கோலை மாற்றினார், ரீலை மாற்றினார், நூலை மாற்றினார். குண்டை மட்டும் பழைய கனத்திலேயே ஏன் கட்டினார்? நம்பும்படியாக இல்லையே என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"நானும் அதைத்தான்க்கா கேட்டேன். சின்னக் குண்டு போட்டா சத்தம் வராதுடின்னாரு."

"சத்தம் எதுக்கு?"

"டொப்புன்னு விழணுமாம். சின்னது 'பிளிச்'சுன்னு விழுமாம். பிளிச்சுன்னு விழுந்தா என் தம்பி திரும்பிப் பாப்பானாம்."

மீனுக்காகத் தூண்டில் கட்டுகிறவர்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். மச்சான் காதுக்காகத் தூண்டில் கட்டியவரைப் பற்றி இப்போதுதான் ஒருத்தி எழுதுகிறாள். மெல்லிய நூலில் அந்தக் கனத்தைக் கட்டி மாடியில் ஒத்திகை பார்த்தார். நூல் அறுந்தது. மிச்சம்தான் என் மேசையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரிடம் கனமான குண்டு அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் கடற்பாறைகளுக்குத் தத்துப் போனவை. நான் திருப்பிக் கொடுத்திருந்தால் வேறு நல்ல நூலில் கட்டி ஞாயிறன்று டொப் போட்டிருப்பார். கொடுக்காததால் சின்னக் குண்டோடு போனார். கதாசிரியை கதைக்குள் கைவைக்கக் கூடாது என்பார்கள். நான் வைத்ததை எடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை நானும் கடற்கரைக்குப் போனேன். காற்று வாங்க. (சிரிக்காதீர்கள். கொஞ்சம் காற்றும் வாங்கினேன்.)

மச்சான் தன் உலக்கையைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தார். தூரத்தில், டொப். டாக்டர் முழங்கையை ஒட்டிக்கொண்டு சொடுக்கினார். பிளிச். முதல் அலையையே தாண்டவில்லை. இறங்கி நடந்தால் முழங்கால்கூட நனையாத இடம்.

மச்சான் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, குண்டைக் கால் கழுவ விட்டீங்களா?"

"லைட்டுல அப்படித்தான். ஓரத்துலதான் மீன் இருக்கும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னார், பாவம். சொல்லி வாய் மூடவில்லை, கோல் வளைந்தது. கேள்விக்குறிபோல என்று எழுதிவிட்டு... வேண்டாம். வளைந்தது. ரீல் கிரீச்சிட்டு நூலை விட்டது. ஓரத்தில்தான் மீன் இருந்தது. பொய் சொன்னவன் முகத்தில் உண்மை வந்து அறைந்தால் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன்.

"தூக்குங்க மாமா! ராடை மேல தூக்குங்க!"

எங்கே தூக்க? சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர் அவரிடம் பல் கட்டிக்கொண்டவர். கோல் மார்பு உயரத்தில் நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

"ஐயோ, தூக்குங்கன்னா! நூல் அந்துடும்! குடுங்க, நான் இழுக்கிறேன்!"

"நீ சும்மா இரு மச்சான்" என்றார் டாக்டர். பிறகு பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

கோலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, பின்பக்கமாக. அலை ஈரத்தைத் தாண்டினார், காய்ந்த மணலைத் தாண்டினார், ஐஸ்கிரீம் வண்டியையும் தாண்டினார். சாலை ஓரத்துத் தடுப்புச் சுவரில் முதுகு முட்டியபோது, அங்கே தூரத்தில், ஒரு வெள்ளை மீன் தானாக நடந்து வந்ததுபோல மணலில் ஏறிப் படுத்தது.

மச்சான் ஓடினார். மீனிடம் இல்லை, மாமாவிடம். "சிங்கம் மாமா நீங்க!" என்று கத்தி, மகிழ்ச்சி தாங்காமல் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். வலது தோளில்.

டாக்டர் கத்தவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்.

மச்சான் தன் கையைப் பார்த்தார். மாமாவின் தோளைப் பார்த்தார். கலைந்த தலையைப் பார்த்தார். அவர் தொழிலே அடுத்தவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்து இருக்கையிலிருந்து பார்ப்பதுதானே.

7

முடிவு, அ: மச்சான் ஊரெல்லாம் சொல்கிறார். மருத்துவமனை காலியாகிறது. (என் இயல்புக்கு உகந்தது. ஆனால் என் பல்?)

முடிவு, ஆ: மச்சானுக்கும் முதுகுவலியாம், அவரும் மறைத்துக்கொண்டிருந்தாராம், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (ரொம்ப அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பாதீர்கள்.)

முடிவு, இ: அடுத்த வாரம் கடற்கரையில் எல்லோரும் பின்பக்கமாக நடக்கிறார்கள். (இது நடந்தது. ஆனால் முடிவாகாது. நம் ஆட்கள் எதைத்தான் காப்பியடிக்கவில்லை?)

உண்மையில் மச்சான் என்ன செய்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. எழுத்தாளர்கள் ஆராய்ச்சிக்காகப் பல தியாகங்கள் செய்வதுண்டு. நான் கார் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன்.

8

"கிளட்ச்சை மெதுவா விடுங்கக்கா. முட்டைமேல கால் வச்ச மாதிரி." அடுத்த மூச்சில், ரொட்டிக்கடைக்காரர் மகன் வேலையை விட்ட கதை. திருப்பத்தில், என் தெருவில் எனக்கே தெரியாத ஒரு நிச்சயதார்த்தம். மனிதர் குறைந்தபாடில்லை. நான் தூண்டில் போட்டேன்.

"உங்க மாமா எப்படித் தம்பி இருக்காரு? தோள்... இல்ல, தோட்டத்துல பாத்தேன், கொஞ்சம் சோர்வா..."

"மாமாவா?" அவர் பக்கத்துப் பிரேக்கில் இருந்த கால் ஒரு கணம் அழுந்தியது, கார் குலுங்கியது. "அவருக்கென்னக்கா. சிங்கம். நீங்க கண்ணாடியைப் பாருங்க, பின்னால லாரி வருது."

அதற்கப்புறம் பாடம் முடியும்வரை கிளட்ச், கியர், பிரேக். வேறு பேச்சே இல்லை. அவரிடம் கற்றுக்கொண்ட யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்; அப்படியொரு அமைதியான பாடம் அந்தக் காரில் நடந்ததே கிடையாது.

இறங்கும்போது மட்டும் சொன்னார். "அக்கா, கதை எழுதுறீங்களாமே. எங்கக்கா சொன்னா. மீன் நல்லாப் பெரிசா எழுதுங்க."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு வாய் தானாக மூடிக்கொண்டதை அன்று பார்த்தேன். மிச்சம் இருப்பது என் வாய் ஒன்றுதான்.

9

அந்த வாய் நேற்றிரவு வீங்கிவிட்டது.

காலையில் டாக்டரம்மா என்னை முதல் ஆளாக உள்ளே அனுப்பினார். நாற்காலியில் படுத்தேன். அது கீழே இறங்கியது, இறங்கியது, தரையைத் தொட்டுவிடும் அளவுக்கு இறங்கியது. கையைத் தூக்க வேண்டாமல் இருக்க வாயைத் தாழ்த்தியிருக்கிறார். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கைப்பையில் கொண்டுவந்திருந்த ஈயக்குண்டை எடுத்துக் கருவிகள் இருந்த எஃகுத் தட்டில் வைத்தேன். டொப்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டார். "வாயை நல்லாத் திறங்க" என்றார். ஒரு கண்ணாடி, ஒரு குழாய், இரண்டு விரல், எல்லாம் உள்ளே போனபின்பு மெதுவாகக் கேட்டார்:

"அப்புறம்? கதையை எப்படி முடிக்கப் போறீங்க?"

"ஆ" என்றேன்.

அவர் கை நடுங்கவில்லை. இதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

இதற்கு மேல் எழுதுவதாக இல்லை. நான் இன்னும் அந்த நாற்காலியில்தான் படுத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாயில் பஞ்சு. இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்து மூன்றானது, மச்சானுக்குத் தெரிந்து நான்கானது, இப்போது உங்களுக்கும் தெரியும். மச்சானின் காரில் ஒருநாள் நீங்களும் ஏறலாம். இந்த டாக்டரின் முன்னறையில் ஒருநாள் நீங்களும் உட்காரலாம்; பக்கத்தில் இருப்பவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் எப்படிங்க, கை ராசியா?" என்று கேட்பார்.

அவருக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. என்னிடம் கேட்காதீர்கள். பஞ்சை எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.