ஜெர்லின் கோபத்தில் வெந்த சோறு

புன்னைக்காயலில் அம்புரோஸ் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்திலிருந்து இன்றுவரை, நடுவில் ஒரே ஒரு சாயங்காலம் தவிர, அடுப்புப் பற்றவைக்கவில்லை. சோறு, குழம்பு, கஞ்சி, குளிக்க வெந்நீர் எல்லாமே மகள் ஜெர்லினின் கோபத்தில்தான் கொதித்தன. சாளை மீன் என்ன விலை போகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற பேச்சுக்கு நடுவே ஊரில் இதையும் பேசிக்கொண்டார்கள். கேஸ் போடுகிற செந்தூர்பாண்டிக்கு மட்டும் சந்தேகம் வந்தது. சிலிண்டர் வாங்காமல் ஒரு வீட்டில் எப்படி உலை கொதிக்கும், வெளியே கள்ளத்தனமாக வாங்குகிறார்களோ என்று நேரே வந்து குசினியில் எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. அதன் மேலிருந்த பானையின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு ஜெர்லின் சுவரைப் பார்த்து நின்றாள். சோறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. செந்தூர்பாண்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரெகுலேட்டரை மூடியே வையுங்கள், டியூப்பை எலி கடித்திருந்தால் ஆபத்து என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஜெர்லினின் அம்மா பேபி, ஆத்தூர் சந்தையில் மீன் விற்கிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீனை எடுத்துப் போட்ட கை அது. போன வருஷம் ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் அவளுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போயிற்று. புருஷனிடம் சொன்னாள். மூலமாக இருக்கும் என்று அம்புரோஸ் எங்கிருந்தோ ஒரு பொடி வாங்கிக் கொடுத்தார். ஜெர்லின் அதை நம்பாமல் திருநெல்வேலியில் ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. மாதா சப்பரத்தின் முன்தண்டைத் தூக்குகிற முறை அம்புரோஸ் குடும்பத்துக்குப் பல வருஷத்துக்கு ஒருதரம் வரும். முறைக்காரர் பெயரைக் கோவிலில் வாசித்த நாள் முதல், திருவிழா முடிந்து சப்பரம் கொட்டகைக்குள் போகிற நாள்வரை, அந்த வீட்டில் ஒருவரும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். எந்தச் சாமியாரும் அப்படிச் சொன்னதில்லை, ஊரில் வேறு யாருக்கும் அந்தச் சட்டம் கிடையாது. இருந்தாலும் அம்புரோஸ், திருவிழா முடியட்டும் என்றார். பேபியும், சரி முடியட்டும் என்றாள். மூன்று மாதம் போயிற்று. அம்புரோஸ் முன்தண்டைத் தூக்கினார், தோள் வீங்கிற்று, அதை ஒருவர் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார். அது கூடத்தில் தொங்கியது.

பிறகு போனார்கள். குடலில் இருந்த புற்று ஈரலிலும் கால் வைத்திருந்தது. டாக்டர் ஜெர்லினைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். அப்போதே ஏன் வரவில்லை என்று கேட்டாள். அம்புரோஸ் மின்விசிறியைப் பார்த்தார். பேபி, கேட்டது தன்னை இல்லை என்பதுபோல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்புரோஸ், எல்லாம் மாதா பாத்துக்கிடுவா, நீ ரெண்டு வாய் சோறு பொங்கு என்றார். ஜெர்லின் அரிசியைக் களைந்து போட்டாள். கேஸ் தீர்ந்திருந்தது. பானையை எங்கே கொண்டுபோய் எறியலாம் என்று இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே அது கொதித்தது. சோறு லேசாகக் குழைந்துவிட்டதைத் தவிர அன்றைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வீடு அவள் தலையில் விழுந்தது. அண்ணன் ஜெஸ்டின் வெளிநாட்டுக் கப்பலில் இருந்தான். துறைமுகத்துக்குத் துறைமுகம் போன் பண்ணி, தைரியமா இரு, நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும் என்பான், சிக்னல் போய்விடும். அம்புரோஸ் கடலே கதி என்று கிடந்தார். மீன்பாடு இல்லாத நாளிலும் வள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜெர்லின் விடியுமுன் எழுந்து கஞ்சியைக் கொதிக்க வைத்து, அம்மாவைத் துடைத்து, வாந்தி வாளியைக் கழுவி, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஷிப்பிங் ஏஜென்சி ஆபீசுக்கு பஸ் ஏறுவாள். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக லீவு கேட்பாள். மேனேஜர் ஜோன்ஸ், வீட்டில் வேறு ஆள் இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பார். அவள் நாற்காலிக்கு மேலிருந்த ஏசி இரண்டு முறை பழுதாயிற்று. மூன்றாவது முறை ஜோன்ஸ் அவளை ஈரம் ஊறுகிற பழைய குடோனுக்கு மாற்றினார். அங்கே சுவரெல்லாம் காய்ந்து, பல வருஷத்துக்குப் பிறகு சுண்ணாம்பு ஒட்டியது. அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆரஞ்சையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புத்தியையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். எதற்கு எவ்வளவு சூடு என்பது நாளடைவில் வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. பொறுமையா இரு என்று யாராவது சொன்னால் பால் காயும். சீத்தாப்பழ இலைச்சாறு குடித்தால் போதும், ஊசியெல்லாம் எதற்கு என்றால் குழம்பு கூடிவரும். தாங்குகிறவர்களுக்குத்தான் ஆண்டவர் சிலுவை கொடுப்பார் என்று ஒருத்தி சொன்ன அன்று ஆட்டுக்கறியே வெந்தது. மார்கழியில் விடாத மழை பெய்தபோது, பக்கத்து வீட்டுக்காரிகள் வெட்கமில்லாமல் கருவாட்டைக் கொண்டுவந்து ஜெர்லின் அறையில் காயப்போட்டுப் போனார்கள். காய்ந்ததும் எடுத்துக்கொண்டு, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று சொல்லிவிட்டும் போனார்கள். வாய் கூசாத ஜனம்.

இதில் பேபியின் கதைதான் வேறு. அவளுக்கு ஏற்றிய மருந்து குளிரைக் கொண்டுவரும் மருந்து. குளிர்ந்ததைத் தொடவே கூடாது என்று நர்ஸ்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலமெல்லாம் ஐஸில் முங்கிக் கிடந்த கை, எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் ஊசி ஏறியதுபோல் துடித்தது. பச்சைத் தண்ணீர் தொண்டையில் கண்ணாடிச் சில்லாக இறங்கியது. கடற்காற்று பட்டாலே பல் கிட்டியது. கம்பளி, வெந்நீர்ப் பை எதுவும் கேட்கவில்லை. ஜெர்லின் பக்கத்தில் படுத்து அம்மாவின் இரண்டு கையையும் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மட்டும் குளிர் விட்டது, வாந்தி நின்றது, இரண்டு கரண்டி கஞ்சி இறங்கியது. அந்தக் கஞ்சியில்தான் அடுத்த ஊசியைத் தாங்குகிற உடம்பு தேறியது. எடை குறைந்தால் மருந்தை நிறுத்திவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். ஆகவே பேபியின் உயிர், மகளின் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. இது பேபிக்குத் தெரியும். ஜெர்லினுக்கும் தெரியும்.

பங்குச்சாமியார் இனிகோவுக்குத் தெரியாது. நல்ல மனுஷர், நன்மை செய்யத்தான் வந்தார். தவக்காலம் பிறந்ததும் அம்புரோஸைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார், பிறகு வீட்டுக்கே கூட்டிவந்தார். ஊசி போட்டுப் பேபியைக் கொண்டுவந்த மறுநாள் அது. அம்புரோஸ் கூடத்தில், தன்னுடைய போட்டோவுக்குக் கீழேயே, மகளுக்கு முன்னால் முழங்கால் போட்டார்.

"தப்பு எம்மேலதாம்ளா. போவணும்னு நீ சொன்ன. நான்தான் விடல. மன்னிச்சிரு" என்றார்.

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த லேஞ்சியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அழுது ஜெர்லின் பார்த்ததில்லை. அவரை எழுப்ப அவள் தோளைப் பிடித்தாள், சப்பரம் தூக்கி வீங்கிய தோள் இன்னும் மேடாக இருந்தது. அதைத் தொட்டதும் அவளுக்கும் அழுகை வந்தது. சாமியார் சிலுவை போட்டு ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். வீடு குளிர்ந்தது.

சாயங்காலத்துக்குள் பேபிக்கு நடுக்கம் வந்துவிட்டது. கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்தது. ஜெர்லின் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள், அவள் கையும் எல்லார் கையையும்போல வெறும் கையாக இருந்தது. அன்றைக்குத்தான், பக்கத்து வீட்டில் சிலிண்டர் இரவல் வாங்கி, அடுப்பைப் பற்றவைத்தார்கள். தீயில் கொதித்த வெந்நீர் பேபியின் உடம்பில் பட்டதாகவே தெரியவில்லை. ஜெர்லின் கோபத்தைத் தேடினாள். ஜெஸ்டினை நினைத்தாள், ஜோன்ஸை நினைத்தாள், கருவாட்டுக்காரிகளை ஒவ்வொருத்தியாக நினைத்தாள். எல்லாரையும் கூட்டினாலும் கை வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. அவள் கோபத்தின் ஆணிவேர் அப்பா மேல் இருந்தது, அதை அவளே பிடுங்கிவிட்டிருந்தாள்.

அம்புரோஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேபியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. கடலில் விழுந்து நேரங்கழித்துத் தூக்கிய ஆட்களின் உதட்டை அவர் பார்த்திருக்கிறார், அந்த நிறம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். லேஞ்சியை உதறித் தோளில் போட்டார். குரலைச் சரிசெய்துகொண்டார். இருபது வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஏளா ஜெர்லின், நான் அழுதது சாமியாருக்காவ. திருவிழா முடியட்டும்னு சொன்னதுல ஒரு தப்பும் கிடையாது. நாளைக்கே முறை வந்தாலும் அதத்தான் சொல்லுவேன். அவ கிடக்கா. எனக்குச் சப்பரம்தான் பெருசு."

கூடத்தில் தொங்கிய போட்டோவின் கண்ணாடி முதலில் வெடித்தது. பிறகு குசினியில் மூடி வைத்திருந்த தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்தது. ஜெர்லின் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் சட்டைக் காலர் பொசுங்கியது. அவள் திரும்பி அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டில் ஆட்டம் நின்றது. பேபியின் உதட்டில் நிறம் ஏறியது, அவளே கஞ்சி கொண்டா என்று கேட்டாள். அம்புரோஸ் கடற்கரைக்கு நடந்து போனார். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி அவர் வாந்தி எடுத்ததைப் பக்கத்து வள்ளத்துச் சத்தியராஜ் பார்த்தார். தின்ற மீன் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜெர்லின் ஆபீசுக்குப் போகிற வழியில் கடற்கரைக்கு வந்தாள். அம்புரோஸ் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். மணலில் அவள் நின்ற இடத்தில் ஈரம் காய்ந்து வெளுத்தது.

"யப்பா, நேத்து சொன்னது பொய்தான?"

அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன மன்னிச்சிராத மக்கா. அவ எந்திரிச்சி வந்து ஐஸ்ல கை வைக்கிற வரைக்கும் மன்னிச்சிராத" என்றார்.

அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாயிற்று. மற்ற வீடுகளில் செபமாலை சொல்லுகிற நேரத்தில் அம்புரோஸ் குசினி வாசலில் வந்து நின்று, எனக்குச் சப்பரம்தான் பெருசு என்று ஒருதரம் சொல்வார். ஜெர்லின் பானையைப் பிடிப்பாள். அவர் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் போன மூன்று மாதம் பொய்யில்லை, ஈரலில் இருப்பதும் பொய்யில்லை, அதனால் சூட்டுக்கு ஒருநாளும் குறை வரவில்லை. இனிகோ சாமியார் விஷயத்தைக் கேள்விப்பட்டு வெகுநேரம் யோசித்தார். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிற ஞாயிறுகளில் அந்த வீட்டார் முதல் பூசைக்கு வந்தால் போதும், பிரசங்கப் பூசைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். செந்தூர்பாண்டி காலி சிலிண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கடைசியாக எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னாள், இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது என்றும் சொன்னாள். பேபி இன்னும் ஐஸில் கை வைக்கவில்லை.

சோறு வெந்ததும் முதல் தட்டு பேபிக்குப் போகும். இரண்டாவது தட்டில் சீலாக் கருவாட்டின் நடுத்துண்டைப் பார்த்து வைத்து, முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடம் நீட்டுவாள் ஜெர்லின்.

"சூடா இருக்கு, ஊதித் தின்னுங்க" என்பாள்.