பட்டம்மாள் பார்த்துவிட்டு வந்த செய்தி

பட்டம்மாளின் வாயில் விழும் செய்திக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் கையும் காலும் முளைத்துவிடும். அவளை அமைதிக் குழுவில் சேர்த்தபோது தண்டையார்பேட்டையே சிரித்தது. வதந்தி கிளம்பினால் கோயில் இருக்கும் தெரு, பள்ளிவாசல் தெரு இரண்டிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அதுதான் குழுவின் வேலை.

அன்று கோயில் பந்தல் கிழிந்து தொங்கியது. பள்ளிவாசல் தெருப் பையன்களின் வேலை என்று பேச்சு கிளம்ப, இரண்டு பக்கமும் கல்லோடு நின்றார்கள். பட்டம்மாளும் பள்ளிவாசல் தெரு அஜீசுன்னிசாவும் பந்தலடிக்குப் போனார்கள்.

“மேல பாருக்கா, கை எட்ற ஒசரமா இது? கம்புல லாரி பெயின்ட்டு ஒட்டிகினு கீது.”

“ஆமாண்டி அஜீசு, கண்டெய்னரு உரசிகினு போய்கீது. வா, சொல்லிருவோம்.”

“பாத்தத மட்டும் சொல்லுக்கா. உன் மசாலா வோணாம்.”

திரும்பியபோது கூட்டம் கல்லோடு காத்து நின்றது. இத்தனை பேர் தன் சொல்லுக்காகக் கல்லை எறியாமல் வைத்திருக்கிறார்களே என்று பட்டம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“கண்டெய்னர் லாரிப்பா,” என்றாள். அஜீசுன்னிசாவும் தலையாட்டினாள்.

“டிரைவரு இன்னா ஆளு?” என்றது ஒரு குரல்.

பட்டம்மாளுக்கு நாக்கு துறுதுறுத்தது.

“அத்த நாங்க பாக்கல நைனா.”

முதல் கல் ஒரு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பிறகு இரண்டு பக்கமும் பொலபொலவென்று விழுந்த கற்களைப் பட்டம்மாள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.