கண்ணாடி அறைக்குள் ஆட்டின் ராஜா

ரியாத் நகரில் நடந்த பலூத் என்ற சீட்டாட்டப் போட்டியின் அரையிறுதிக்கு முத்லக் வர்ணனையாளன். ஆட்டக்காரர்கள் நால்வரும் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் சீட்டாடினார்கள். அவர்களுடைய கைச்சீட்டுகள் வெளியே பெரிய திரையில் தெரிந்தன. ஆனாலும் பார்வையாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

தயாரிப்பாளர் ஜவாஹிர் காதுக்கருவியில் சீறினாள். "சீட்டாட்டத்த எவன் உக்காந்து பாப்பான்னு மேலிடத்துல அன்னைக்கே கேட்டாங்க. எதையாவது சொல்லி ஆளுங்கள நிறுத்துப்பா!"

தாமிர் என்ற ஆட்டக்காரனிடம் மூன்று சீட்டுகள் இருந்தன, மூன்றும் கிளாவர், ஆட்டின் ஒன்றுகூட இல்லை. வாய்க்கு வந்ததை முத்லக் அளந்துவிட்டான். "தாமிர் ஆட்டின் ராஜாவ ஒளிச்சு வச்சிருக்கான், பாருங்க!"

அந்த ராஜா எதிரணி ஜல்வியின் கையில் இருந்ததைத் திரையிலேயே எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தாமிர் ஆட்டின் ராஜாவை மேசையில் போட்டான். அந்த மூன்று கிளாவரும் அவன் கையில் அப்படியே இருந்தன. ஜல்வி தன் சீட்டுகளை எண்ணினான், மறுபடியும் எண்ணினான். ஒன்று குறைந்திருந்தது.

அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. வெளியேறியவர்கள் ஓடி வந்தார்கள்.

"அடேயப்பா, நேரலையில பத்து லட்சம் பேர் பாக்கறாங்க! இன்னொண்ணு சொல்லு, முத்லக்!" காதுக்கருவியில் ஜவாஹிர் கத்தினாள்.

கண்ணாடிக்குள் எந்தச் சத்தமும் போகாது. அதை முத்லக்கே சோதித்திருந்தான். அவன் ஒலிவாங்கியை அணைத்தான்.

உள்ளே தாமிர் ஆடவில்லை. வேர்த்து வழிய, வர்ணனையாளர் அறையை அண்ணாந்து பார்த்தபடி உதட்டை அசைத்தான். திரையில் அது தெளிவாகத் தெரிந்தது.

"அடுத்தது என்னண்ணே?"